நாரோபோட்டில் ஒரு வாரம்: ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் போய் ஆக்ஸ்ஃபோர்டைப் பார்க்காமல் திரும்பலாமா?

மெதுவண்டி எழுதியது:

போன ஆகஸ்டில் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு நாரோபோட்டை (ஒடுங்கிய நீளமான கால்வாய்ப் படகு) வாடகைக்கு எடுத்து, தெற்கு ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் ஒரு வாரம் போய்வந்தோம். தனிச்செய்தியில் பலர் ஒரே கேள்விகளைக் கேட்டதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

ஏறியது வாரிக்ஷயரில் நேப்டன் பக்கம். குன்றின் மேல் ஒரு பழைய காற்றாலை, அதன் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு கால்வாய். ஒன்பது லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) ஏறி மார்ஸ்டன் டோல்ஸ் வந்துவிட்டால், அதற்கப்புறம் கிளேடன் வரை 11 மைலுக்கு லாக்கே கிடையாது. நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ பாதி தூரம்தான் வரும். கால்வாயை வகுத்த ஜேம்ஸ் பிரிண்ட்லிக்கு மேட்டை வெட்டவும் பள்ளத்தை நிரப்பவும் காசு செலவழிக்க மனமில்லை. ஒரே உயரத்தில் போகும் கோட்டைப் பிடித்துக்கொண்டு குன்றுகளைச் சுற்றிச் சுற்றியே கொண்டுபோய்விட்டார். வோர்ம்லெய்ட்டன் என்ற ஊரை மூன்று பக்கமும் வளைக்கிறது. இடது கைப்பக்கம் பார்த்த பண்ணை வீடு, ஒரு டீ குடித்து முடித்த பிறகு வலது கைப்பக்கம் நிற்கிறது. இந்தப் பகுதியில்தான் எச்எஸ்2 அதிவேக ரயிலுக்கான பாலமும் கால்வாயைக் கடக்கிறது. மேலே ஓடப்போகும் ரயிலுக்கு மணிக்கு 200 மைலுக்கு மேல் திட்டம். கீழே எங்களுக்கு வேக வரம்பு 4 மைல். கரையில் படகு கட்டியிருந்தால் அதிலும் பாதி.

கிளேடனில் ஐந்து லாக் இறங்கினால் குரோப்ரடி, அப்புறம் பான்பரி. பான்பரியில் படகைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நேப்டன் வந்து சேர்ந்தோம். ஆமாம், ஆக்ஸ்ஃபோர்டு வரை போகவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. என் கட்சி இதுதான்: ஊர்ப் பெயரைக் குறிவைத்துக் கிளம்பினால் வாரம் முழுக்க டிரைவர் வேலைதான் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே திரும்பிவிட வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பரே, மீனாட்சியைப் பார்க்கக் கிளம்பித் திருமங்கலத்தில் வண்டியைத் திருப்பின கதையாக அல்லவா இருக்கிறது! ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் என்று பெயரே இருக்கும்போது ஆக்ஸ்ஃபோர்டு போகாமல் வந்தீர்கள் என்றால் உங்கள் நண்பர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, மொத்தம் எவ்வளவு ஆனது? இரண்டு, ஆக்ஸ்ஃபோர்டு வரை போயிருந்தால் உண்மையிலேயே நேரம் போதாதா, இல்லை சோம்பேறித்தனமா?

மெதுவண்டி எழுதியது:

சோம்பேறித்தனத்துக்குக் காசு கொடுத்துத்தான் போனோம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. :)

நேரக் கணக்கு எளிது. மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி வரும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது சரியாகப் பொருந்தும். நேப்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு ஏறத்தாழ 50 மைல், 40 லாக். கூட்டினால் 90, போக மட்டும் 30 மணி நேரம். திரும்பி வரவும் அதே அளவு. சனிக்கிழமை மத்தியானம் சாவி கொடுத்து அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகைத் திருப்பிக் கேட்பார்கள், ஆக முழு நாள் என்று கையில் இருப்பது ஆறுதான். தினமும் பத்து மணி நேரம் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். பான்பரி வரை என்றால் போக 15 மணி, வர 15 மணி.

செலவு: ஆகஸ்ட் மாதம் ஆறு பேர் படகுக்கு ஒரு வாரத்துக்கு இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். டீசல் தனிக் கணக்கா, உள்ளடக்கமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பங்கு போட்டால் தலைக்கு 350, 400 பவுண்டு வரும். தங்குமிடமும் வண்டியும் அதற்குள் அடங்கும். ஜூன் முதல் பாதியில் போனால் கணிசமாகக் குறையும், பகலும் நீளம்.

அந்தக் கோபக்கார நண்பரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பான்பரியில் படகைக் கட்டியதும் அவர் நேராக ரயில் நிலையத்துக்கு நடந்தார். கால்வாயிலிருந்து நடக்கிற தூரம்தான். ரயிலில் இருபது நிமிடம் போல ஆகிறது ஆக்ஸ்ஃபோர்டுக்கு. கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு சாயங்காலம் படகுக்கு வந்து எங்களோடு வத்தக்குழம்பும் சாப்பிட்டார். ஆனாலும் "படகில் போயிருக்க வேண்டும்" என்று இன்னமும் சொல்கிறார்.

நாடோடி72 எழுதியது:

மெதுவண்டி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன், அதற்கு நேர்மாறாக ஓடிப் பார்த்தவன் என்ற முறையில். நாங்கள் ஃபோர் கவுன்டீஸ் ரிங் எடுத்தோம். 110 மைல், 94 லாக், ஒரே வாரம். மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் 68 மணி நேரம். எங்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான் ஆனது. திரும்பி வராமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வரலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் வட்டத்தில் நடுவழியில் திரும்பினாலும் லாபமில்லை, முடித்தே ஆக வேண்டும். காலை ஆறரைக்குக் கயிற்றை அவிழ்த்தால் இருட்டும் வரை ஓட்டம். பப் ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்தே பார்த்துக் கையசைத்துவிட்டு வந்தோம்.

இருந்தாலும் ஹேர்காசில் சுரங்கத்துக்காக அந்த வழியைத் தள்ளிவிட முடியவில்லை. ஸ்டோக் பக்கம், ட்ரென்ட் மெர்சி கால்வாயில் இருக்கிறது. ஜோசையா வெட்ஜ்வுட் தன் பீங்கான் சாமான் உடையாமல் துறைமுகம் போய்ச் சேர வேண்டும் என்று முன்னின்று கொண்டுவந்த கால்வாய் அது. குதிரை வண்டியில் போனால் பாதி வழியிலேயே நொறுங்கும். முதல் சுரங்கத்தை பிரிண்ட்லி தொடங்கினார், 1777ல் திறந்தார்கள், அதற்குள் அவர் இறந்துவிட்டார். அது போதவில்லை என்று பக்கத்திலேயே தாமஸ் டெல்ஃபோர்டு இன்னொன்று தோண்டி 1827ல் முடித்தார். இப்போது படகு போவது அதில்தான். இரண்டரை கிலோமீட்டருக்கு மேல், ஒருவழிப் பாதை. காவலர் நம் விளக்கையும் ஹாரனையும் சரிபார்த்து வரிசையாக அனுப்புகிறார். உள்ளே நாற்பது நிமிடம் போல ஆகும். பாறையிலிருந்து இரும்புத் துரு கசிந்து வாயிலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கிடக்கும். உள்ளே பேய் இருக்கிறது என்று ஊரில் ஒரு கதை வேறு. எங்கள் படகில் பெரிய தைரியசாலி ஒருவர் அந்த நாற்பது நிமிடமும் கேபினுக்குள் பாத்திரம் கழுவினார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

68 மணி நேரம்! சரி, வாபஸ். ஆனால் தெற்கே ஹேஃபர்டு பக்கமிருந்து கிளம்பினால் ஆக்ஸ்ஃபோர்டு கிட்டத்தானே? மெதுவண்டி வடக்குக் கோடியில் ஏறியதுதான் பிரச்சினை என்று எனக்குப் படுகிறது.

கரையோரக் கொக்கு எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வது உண்மை. லோயர் ஹேஃபர்டிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு போய்த் திரும்புவது நாலைந்து நாள் விடுமுறைக்கு அருமையாகப் பொருந்தும். நான் வார இறுதிகளில் கால்வாய் அறக்கட்டளையின் தன்னார்வ லாக் காவலராக இருக்கிறேன், வேறு கால்வாயில். ஆனாலும் என் மனம் இருப்பது தெற்கு ஆக்ஸ்ஃபோர்டில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கால்வாய் முழுக்க முழுக்கச் சிக்கனத்தில் கட்டியது. வாரிக்ஷயர் நிலக்கரியை ஆக்ஸ்ஃபோர்டுக்கும், அங்கிருந்து தேம்ஸ் வழியாக லண்டனுக்கும் கொண்டுபோக 1769ல் சட்டம் வாங்கினார்கள். பான்பரி வரை வர 1778 ஆகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தது 1790 ஜனவரி முதல் தேதி. நடுவில் பிரிண்ட்லி இறந்து, அவருடைய மைத்துனர் சாமுவேல் சிம்காக் பொறுப்பேற்றார். கையில் பணமில்லை. அதனால் பான்பரிக்குத் தெற்கே பல லாக்குகளில் கீழ்ப்பக்கம் இரட்டைக் கதவுக்குப் பதில் ஒற்றைக் கதவு. வயல்களுக்கு நடுவே செங்கல் பாலத்துக்குப் பதில் மரத்தால் ஆன தூக்குப் பாலங்கள். அவற்றில் பல இன்றும் தூக்கிய நிலையில் நிற்கின்றன, கொக்கு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல என்று நான் சொன்னால் என் பெயருக்கு நானே விளம்பரம் செய்ததாகிவிடும்.

அய்ன்ஹோ வியர் லாக்கை மட்டும் பார்க்காமல் விடாதீர்கள். மற்ற லாக்கெல்லாம் ஒடுங்கிய பெட்டி, இது சாய்சதுரம். செர்வெல் ஆறு அங்கே கால்வாயைக் குறுக்கே கடக்கிறது. லாக்கின் இறக்கம் ஓரடி அளவுதான். இதற்கு ஏன் இவ்வளவு பெரிய தொட்டி என்று தோன்றும். அடுத்து வருவது சோமர்டன் டீப் லாக், அது 12 அடி. ஒவ்வொரு படகு இறங்கும்போதும் அந்த 12 அடி தண்ணீர் கீழே போய்விடும். மேலேயிருந்து வரும் லாக் ஓரடி தண்ணீரை மட்டும் அனுப்பினால் நடுவில் உள்ள பகுதி வறண்டுவிடும். அதனால்தான் உயரத்தில் குறைந்ததைப் பரப்பளவில் ஈடுகட்டியிருக்கிறார்கள். இரண்டு லாக்கையும் ஒரே காலையில் கடந்தால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும். சோமர்டனின் அடியில் படகோடு நின்று மேலே பார்த்தால் வானம் ஒரு நாடா அளவுதான்.

1805ல் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் திறந்ததும் லண்டன் சரக்கெல்லாம் பிரான்ஸ்டனிலேயே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வடக்குப் பாதியில் இன்னும் வரும்படி இருந்ததால் அதை மட்டும் 1834க்குள் நேராக்கி 14 மைல் போலக் குறைத்தார்கள். தெற்குப் பாதியை யாரும் தொடவில்லை. நீங்கள் இன்று வளைந்து வளைந்து போவது அந்த அலட்சியத்தின் புண்ணியம்.

மெதுவண்டி எழுதியது:

கொக்கு சார், அய்ன்ஹோ கதையை முன்பே சொல்லியிருந்தால் நானே கொஞ்சம் தெற்கே இறங்கியிருப்பேன். நாங்கள் பான்பரியில் பார்த்தது டூலி படகுப் பட்டறை. 1790 முதல் படகு பழுதுபார்க்கும் உலர்துறை, இப்போது சுற்றிலும் ஷாப்பிங் மால் எழும்பிவிட்டது. ஒரு பக்கம் செருப்புக் கடை, இன்னொரு பக்கம் கொல்லன் உலை. 1939ல் எழுத்தாளர் டாம் ரோல்ட் தன் 'க்ரெஸ்ஸி' படகைச் செப்பனிட்டுக் கிளம்பியது இங்கிருந்துதான். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியது 1944ல் வந்தது, 1946ல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் சண்டை போட்டிருக்காவிட்டால் பாதிக் கால்வாய்களை மூடி ரோடு போட்டிருப்பார்கள்.

யாழ்க்குயில் எழுதியது:

வணக்கம் அண்ணா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்தேன். நாங்கள் இருப்பது கொவென்ட்ரியில். ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் தொடங்குகிற ஹாக்ஸ்பரி சந்திக்கு அடிக்கடி நடக்கப் போவோம், ஆனால் ஒருநாளும் படகில் ஏறினதில்லை. அடுத்த ஜூனில் நாங்கள் இரண்டு குடும்பம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. இரண்டு பிள்ளைகள், எட்டும் பதினொன்றும். லாக் என்றால் எனக்கு உண்மையில் பயமாய்த்தான் கிடக்கு. அது எப்படி வேலை செய்கிறது, அதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்வீர்களோ?

மெதுவண்டி எழுதியது:

தங்கச்சி, வேலை செய்கிற விதத்தை நான் சொல்கிறேன், ஆபத்தைக் கொக்கு சார் சொல்லட்டும், அவர்தான் வாராவாரம் பார்க்கிறவர்.

லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு உள்ள ஒரு தொட்டி. ஏறும்போது தொட்டி காலியாக இருக்கும். உள்ளே நுழைந்து பின்னால் கதவைச் சாத்தி, மேல்பக்கத்துப் பேடிலைத் திறந்தால் தண்ணீர் நிரம்பும். பேடில் என்பது ஒரு சின்ன மதகுப் பலகை, அவ்வளவுதான். அதைத் தூக்க விண்ட்லாஸ் என்கிற வளைந்த இரும்புக் கைப்பிடியைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்ற வேண்டும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றானதும் கதவு தானாக இளகும். அதுவரை யானையைக் கொண்டு வந்து தள்ளினாலும் அசையாது. கதவோடு ஒட்டிய நீள மரக்கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் பதினொரு வயதுப் பிள்ளையும் திறந்துவிடும். ஒரு லாக்குக்குப் பத்து, பதினைந்து நிமிடம்.

அதிகமாகப் பயந்த என் நண்பரின் மனைவிதான் கடைசியில் விண்ட்லாஸைக் கீழே வைக்க மறுத்தார். முன்னால் நடந்துபோய் அடுத்த லாக்கைத் தயாராக வைத்துவிட்டு, கரையில் பிளாக்பெர்ரி பறித்துக்கொண்டு நிற்பார். லாக்கில் எதிரே வருகிற படகுக்காரர்களோடு பேச்சு, அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு உதவுவது, மேலே பால் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பது, எல்லாம் அங்கேதான் நடக்கும். லாக்கே இல்லாத வழியாகத் தேடாதீர்கள். இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

கரையோரக் கொக்கு எழுதியது:

ஆபத்து என்று பார்த்தால் முதலிடம் இறங்கும் லாக்கில் உள்ள 'சில்' என்கிற படி. மேல் கதவுக்கு அடியில் ஒரு கல் படி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. படகு பின்னால் நகர்ந்து, மட்டம் இறங்கும்போது பின்பாகம் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டால் முன்பாகம் மட்டும் கீழே போகும். படகு மூழ்குவது இப்படித்தான். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், அதற்கு முன்னாலேயே படகை வைத்திருங்கள். பேடிலில் நிற்பவர் போனைப் பார்க்காமல் படகைப் பார்க்க வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் உடனே பேடில்களை மூட வேண்டும். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, படகைக் காலாலோ கையாலோ தடுக்கப் பார்ப்பது. பதினைந்து டன்னுக்கு மேல் எடை இருக்கும். இடிக்கட்டும், படகுக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது, பின்தளத்தில் டில்லர் (படகைத் திருப்பும் சுக்கான் கைப்பிடி) வீசும் இடத்தில் உட்காருவது. டில்லர் வெடுக்கென்று திரும்பினால் ஆளைத் தள்ளிவிடும். யாராவது விழுந்துவிட்டால் முதலில் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கயிற்றைத் தேடுங்கள். லாக்கைத் தவிர்த்த இடங்களில் பெரும்பாலும் எழுந்து நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். பிள்ளைகளுக்கு லைஃப்ஜாக்கெட் கேட்டால் தருவார்கள், தளத்திலும் லாக் ஓரத்திலும் கழற்ற விடாதீர்கள். அம்மா முன்தளத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம், ஆனால் உள்ளே இறங்க இரண்டு மூன்று படி செங்குத்தாக இருக்கும். முன்பதிவுக்கு முன் ஒரு தடவை படகுத் துறைக்கு அழைத்துப்போய் ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மில்டன்கீன்ஸ் மாமி எழுதியது:

எல்லாரும் பொறியியல் பாடம் நடத்துகிறீர்கள், ஒருத்தரும் முக்கியமானதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுகிறது. ஒவ்வொரு லாக்கிலும் நான் பார்ப்பது என்ன? ஐயா டில்லரைப் பிடித்துக்கொண்டு கேப்டன் தொப்பியோடு நிற்கிறார், அம்மா குனிந்து விண்ட்லாஸ் சுற்றுகிறாள், கதவைத் தள்ளுகிறாள், ஓடி வந்து ஏறுகிறாள், அப்புறம் டீயும் போடுகிறாள். இங்கிலீஷ்காரன், இந்தியன் என்று பேதமே இல்லை. யாழ்க்குயில், முதல் நாளே முறை வைத்துவிடுங்கள். ஓட்டுகிறவர், லாக் பார்க்கிறவர், சமைக்கிறவர், தினம் மாறட்டும். ஓட்டுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. டில்லரை வலதுபக்கம் தள்ளினால் படகு இடதுபக்கம் போகும், பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். எதிரே படகு வந்தால் வலது ஓரம் ஒதுங்க வேண்டும், இங்கே ரோட்டில் போவதற்கு நேர் எதிர்.

சாப்பாட்டுக்கு: நாலு பர்னர் கேஸ் அடுப்பும் சின்ன ஃப்ரிட்ஜும் இருக்கும். மிக்ஸியை நம்பாதீர்கள், பல படகுகளில் இன்வெர்ட்டர் தாங்காது. தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே அரைத்து உறைய வைத்து எடுத்துப் போங்கள். மாவு இரண்டு டப்பா. குக்கர் விசில் அடித்ததும் கரையில் நடந்து போனவர் தீயணைப்பு அலாரமோ என்று கதவைத் தட்டினார், எங்களுக்கு நடந்தது இது. இரவு எட்டு மணிக்கு மேல் காலை எட்டு வரை மற்ற படகுகளுக்குப் பக்கத்தில் எஞ்சினை ஓட்டக் கூடாது, அதனால் சார்ஜ் போடுவது, வெந்நீர் குளியல் எல்லாம் அதற்குள் முடியட்டும்.

சொகுசுப்பிரியன் எழுதியது:

மாமி சாப்பாட்டைப் பேசிவிட்டார், நான் அடுத்த கட்டத்தைக் கேட்கிறேன். கழிப்பறை? ஏழடிகூட இல்லாத இடத்தில் ஆறு பேர், ஒரே பாத்ரூம், மரத்தடுப்பு. ஒருவர் குறட்டை விட்டால் மொத்தப் படகுக்கும் கேட்குமே? இதற்கு இரண்டாயிரம் பவுண்டு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காட்ஸ்வோல்ட்ஸில் நல்ல காட்டேஜ் கிடைக்கும்.

மெதுவண்டி எழுதியது:

குறட்டை கேட்கும். மறுக்கவே மாட்டேன். காதடைப்பான் ஒரு பாக்கெட் வாங்கிப் போனோம்.

கழிப்பறையில் இரண்டு வகை. ஒன்று பெரிய தொட்டியில் சேர்ந்து, வாரத்தில் ஒருமுறை படகுத் துறையில் காசு கொடுத்து உறிஞ்சி எடுப்பது. இன்னொன்று சூட்கேஸ் மாதிரி கழற்றி நாமே கொண்டுபோய் ஊற்றுவது. ஆறு பேர் என்றால் முதல் வகையைக் கேட்டு வாங்குங்கள், இரண்டாவது வகையில் நட்பு சோதனைக்குள்ளாகும். குடிநீர்த் தொட்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும், குழாய் உள்ள இடங்கள் வரைபடத்தில் இருக்கும்.

உண்மையில் படகின் அகலத்தைவிட யாரோடு போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலையில் ஒன்பதுக்குக் கிளம்பலாம் என்பவரும் பதினொன்றுக்கு எழுகிறவரும் ஒரே படகில் இருந்தால் வம்புதான். எங்களுக்கு நடுவில் தண்ணீர் மோட்டார் வேறு நின்றுவிட்டது. வாடகை நிறுவனத்தின் மெக்கானிக் மத்தியானம் வருகிறேன் என்று சொல்லி, பொழுது சாயும்போது வந்தார். அதுவரை கரையிலேயே சீட்டு ஆடினோம். அதே ஆறு பேரில் ஒருவர் மாறியிருந்தாலும் அன்றைக்குச் சண்டை வெடித்திருக்கும்.

நாடோடி72 எழுதியது:

எந்த நிறுவனம் என்று சொல்லுங்களேன், நாங்கள் தவிர்த்துக்கொள்கிறோம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

நிறுவனப் பெயர்கள் வேண்டாம், தனிச்செய்தியில் பேசிக்கொள்ளுங்கள். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

கார்மேகம் எழுதியது:

லாங்கோலென் கால்வாயை ஒருவரும் சொல்லாதது ஆச்சரியம். சரி, ஒரு பகுதி வேல்ஸில் இருக்கிறது, ஆனால் ஏறுவது இங்கிலாந்தில்தானே! பொன்ட்கசில்த்தே நீர்ப்பாலத்துக்கு ஈடாக வேறொன்றும் கிடையாது. டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டி 1805ல் திறந்தது, 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு இரும்புத் தொட்டியில் தண்ணீர், அதில் நம் படகு. நடைபாதை இருக்கும் பக்கம் கம்பி வேலி உண்டு. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது, தொட்டியின் விளிம்பு படகு விளிம்புக்குக் கீழேதான் இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால் ஆகாயத்தில் போகிற மாதிரியே இருக்கும். உயரம் ஆகாதவர்கள் மட்டும் உள்ளே போய் மாமியின் சட்னியைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு குறை: ஆகஸ்டில் கூட்டம். கிரிண்ட்லி புரூக் அடுக்கு லாக்கில் வரிசையில் நிற்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கால்வாய்த் தண்ணீர் ஓடும். லாங்கோலென் பக்கம் டீ ஆற்றிலிருந்து எடுத்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு அனுப்புகிறார்கள். போகும்போது எதிர்நீச்சல், வரும்போது சீக்கிரம் வந்துவிடலாம்.

கரையோரக் கொக்கு எழுதியது:

அந்த ஓட்டம்தான் லாங்கோலெனுக்குப் பலமும். வறட்சியில் மற்றவை தவிக்கும்போது அதற்குத் தண்ணீர் இருக்கும். ஒரு குறுகிய லாக் ஒருமுறை இறங்கினால் ஒரு லட்சம் லிட்டர் அளவில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போய்விடும். தெற்கு ஆக்ஸ்ஃபோர்டின் அந்த 11 மைல் உச்சிப் பகுதி பாடிங்டன் போன்ற ஏரிகளை நம்பி இருக்கிறது. 2025 கோடையில் மழை பொய்த்து நாட்டின் பல கால்வாய்களில் லாக்குகளை மூட வேண்டி வந்தது. அதனால் யாழ்க்குயில், முன்பதிவு செய்யும்போதே "வழி மூடிவிட்டால் வேறு வழியா, பணமா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் வாரம் அறக்கட்டளைத் தளத்தில் அடைப்பு அறிவிப்புகளைப் பாருங்கள். ஜூன் நல்ல தேர்வு, ஏரிகள் ஆகஸ்டைவிட நிறைந்திருக்கும்.

குரோப்ரடியில் இரவு தங்குவதாக இருந்தால் ஆகஸ்டில் அங்கே நடக்கும் நாட்டுப்புற ராக் இசைவிழாத் தேதியைத் தவிருங்கள், அல்லது அதற்காகவே போங்கள். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவினர் நடத்துவது. அந்த வாரம் படகு கட்ட இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் அமைதியான ஊர். 1644ல் சார்லஸ் மன்னரின் படையும் நாடாளுமன்றப் படையும் மோதிய பாலம் அங்கேதான்.

யாழ்க்குயில் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவை நேப்டன் பக்கம் ஒரு படகுத் துறைக்குக் கூட்டிப்போனேன். படியில் இறங்கிப் பார்த்தவ, கட்டிலில் உட்கார்ந்து பார்த்தவ, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தவ. "இது எங்கட குசினியைவிடப் பெரிசு" என்றா. முடிவாகிவிட்டது. ஜூன் இரண்டாம் வாரம், நாலு இரவு. வீட்டுக்காரர் ஆக்ஸ்ஃபோர்டு போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறார், நான் ஃபென்னி காம்ப்டன் தாண்டிக் கிளேடன் வரை போதும் என்கிறேன். படகை நினைத்த இடத்தில் திருப்பலாமோ அண்ணா?

மெதுவண்டி எழுதியது:

முடியாது. 60 அடிப் படகைக் குறுக்கே திருப்பக் கால்வாய் அகலம் போதாது. அதற்கென்று ஒரு பக்கம் கரையை உள்ளே வெட்டி அகலமாக்கிய இடங்கள் இருக்கும், வரைபடத்தில் குறித்திருப்பார்கள். உங்கள் படகின் நீளத்துக்கு எந்த இடம் ஆகும் என்று துறையிலேயே கேட்டுப் பென்சிலால் வட்டம் போட்டு வாங்குங்கள். அந்த இடத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை போயே ஆக வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் அதைத் தெரிந்துகொண்டே தவறவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் கொண்டுபோகப் பார்ப்பார், உஷார்.

இன்னொன்று, விண்ட்லாஸ் இரண்டுக்கு மேல் கேட்டு வாங்குங்கள். எப்படியும் ஒன்று தண்ணீருக்குள் போகும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நாலு இரவு, நேப்டன் முதல் கிளேடன் வரை. 9 லாக் ஏறி, 11 மைல் சமதளம், நேப்டன் அடிவாரத்து மைல்களையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். போக வர 15 மணி நேரம் வருகிறது. நாளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை. யாழ்க்குயில், உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், பான்பரிக்குப் பேருந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி. அங்கிருந்து ரயில் ஏறி ஆக்ஸ்ஃபோர்டு பார்த்துவிட்டு வரட்டும். படகு உங்களிடமே இருக்கட்டும்.